இரண்டு முள்ளும் சொன்ன ஒரே பொய்

கல்யாணத்தன்று காலை ஏழே முக்காலுக்குத் தங்கவேலு காரின் சாவியைத் திருப்பினார். இன்ஜின் முதல் தடவையிலேயே பிடித்துக்கொண்டது. அந்தச் சந்தோஷம் ஒன்றரை நிமிஷம் நீடித்தது.

அதற்குள் டேஷ்போர்டில் சூடு காட்டும் மீட்டரின் முள் மெல்ல ஏறி, சிவப்புக் கோட்டைத் தாண்டி, மேலே போக இடமில்லாமல் ஓரத்தில் முட்டி நின்றது. அதன் கீழே, இன்ஜின் ஓடத் தொடங்கியதும் அணைய வேண்டிய சிவப்பு விளக்கு அணையாமல் எரிந்துகொண்டிருந்தது. தங்கவேலு வண்டியை நிறுத்திவிட்டு, ஸ்டியரிங்கின் மேல் இரண்டு கைகளையும் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

மாப்பிள்ளை அவர்தான்; வயது அறுபத்தேழு. பட்டு வேட்டி, சந்தன நிறச் சட்டை. மகன் விநாயக்கும் மருமகள் பவ்யாவும் முந்தின நாளே பெங்களூரிலிருந்து வந்துவிட்டார்கள். மணப்பெண் சரோஜம்மா, அறுபத்தொன்று, ஆண்டர்சன்பேட்டையில் இருக்கிறவர். முகூர்த்தம் பத்தரைக்கு, பேத்தமங்களா பெருமாள் கோயிலில். தங்கவேலு தானே காரை ஓட்டிப்போய்ச் சரோஜம்மாவை ஏற்றிக்கொண்டு, கூரையைத் திறந்து விட்டபடி கோயிலுக்குப் போவதாக ஏற்பாடு. இதை அவர் ஊரெல்லாம் சொல்லியும் வைத்திருந்தார்.

காருக்கு வயது விநாயக்கைவிட அதிகம். இரண்டு கதவு, வெண்ணெய் நிறம், பின்னால் மடித்துக்கொள்கிற கேன்வாஸ் கூரை. அவர் குடியிருந்த ஸ்கெலட்டன் பகுதிப் பிள்ளைகள் அதற்கு மொட்டைக் கார் என்று பேர் வைத்திருந்தார்கள். தங்கவேலு பெங்களூரில் ஜெனரேட்டர் ஆபரேட்டராக இருந்த ஓட்டலின் வாசலில் அது பல வருஷம் சீட்டில் பூந்தொட்டிகளைச் சுமந்துகொண்டு அலங்காரத்துக்கு நின்றது. ஓட்டலைப் புதுப்பித்தபோது தூக்கிப் போடப் போனார்கள். தங்கவேலு கேட்டு வாங்கிக் கொண்டுவந்து, மூன்று வருஷம் அதன் அடியிலேயே படுத்துக் கிடந்து ஓட வைத்தார்.

விநாயக் கையில் டீ தம்ளரோடு வாசலுக்கு வந்தான்.

"இன்னா நைனா, நிறுத்திட்டீங்க?"

"ரெட் லைட் எரியுது. சூடும் மேல போயிருச்சி."

"என் கார்ல எட்டு மாசமா டயருக்குன்னு ஒரு லைட் எரியுது. நான் மைசூருக்கே போயிட்டு வந்துட்டேன். இங்கேர்ந்து பேத்தமங்களா எவ்ளோ தூரம்? சும்மா வாங்க."

"அது உன் வண்டி. உன் இஷ்டம்."

தங்கவேலுவின் பிடிவாதத்துக்குக் காரணம் இருந்தது. ஊரின் தங்கச் சுரங்கத்தை மூடுகிறவரை அவர் அங்கே ஆட்களை இறக்கி ஏற்றும் வைண்டிங் இன்ஜின் ஓட்டியவர். கேஜ் என்கிற இரும்புக் கூண்டில் ஏறிப் பூமிக்குள் இறங்குகிற ஆட்களை அவர் தன் இடத்திலிருந்து பார்க்க முடியாது. எதிரே இருந்த பெரிய வட்டத்தையும் அதில் நகரும் முள்ளையும்தான் பார்ப்பார். முள் எந்த லெவலைக் காட்டுகிறதோ அங்கே கேஜை நிறுத்துவார். முள்ளின் மேல் சந்தேகம் வந்தால் இன்ஜினைத் தொடமாட்டார்; மேனேஜரே வந்து கத்தினாலும் தொடமாட்டார். சுரங்கத்தை மூடி இருபது வருஷத்துக்கு மேல் ஆகிவிட்டது. அந்தப் பழக்கத்தை மட்டும் யாராலும் மூட முடியவில்லை.

"ரேடியேட்டர் ஜில்லுனு கீது. மீட்டர் கொதிக்குதுன்னு சொல்லுது. பொய் சொல்ற மீட்டரை வெச்சிகினு நான் ஓட்டமாட்டேன்," என்றார்.

"அப்போ என் கார்ல போலாம்."

"அதுலயும் லைட்டு எரியுதுன்னு சொன்னியே."

விநாயக் டீயைக் குடித்து முடித்தான். அப்பாவோடு வாதாடுவது எந்த இடத்தில் வீண் என்பதில் அவனுக்கு முப்பத்தெட்டு வருஷ அனுபவம் உண்டு.

தங்கவேலு வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு பானெட்டைத் திறந்தார். இன்ஜினின் சூட்டை அளந்து மீட்டருக்குச் சொல்கிற சிறிய சென்சார் கெட்டுவிட்டது என்பது அவர் கணக்கு. அதன் வயரைக் கழற்றினார். முள் கீழே விழுந்தது. மாட்டினார், மறுபடியும் ஏறியது. ஆக சென்சாரேதான். வேறு சென்சார் கையில் இல்லை. ஆண்டர்சன்பேட்டை எலக்ட்ரீஷியன் திலீப்புக்குப் போன் போட்டார். மூன்று தடவையும் மணி அடித்து ஓய்ந்தது. திலீப் ஒன்பது மணிக்கு முன்னால் எழுந்ததாகச் சரித்திரம் இல்லை.

"டென்ஷன் ஆகாதீங்க மாமா," என்று பவ்யா ஒரு கிளாஸ் மோர் கொண்டுவந்து கொடுத்தாள். "டைம் இருக்கு."

"டென்ஷன்லாம் ஒண்ணுமில்லம்மா. பெட்ரோலாச்சும் ஃபுல்லா கீது பாரு. அதுக்கு அலைய வேணாம்." பெட்ரோல் மீட்டரின் முள், நல்ல பிள்ளையாக, ஃபுல் என்பதற்கும் மேலேயே நின்றிருந்தது.

எட்டே காலுக்குச் சரோஜம்மாவிடமிருந்து போன் வந்தது.

"கெளம்பிட்டீங்களா?"

தங்கவேலு விஷயத்தைச் சொன்னார்.

"ஆக்சிலரேட்டர் மிதிச்சா அந்த ரெட் லைட் மங்குதா, இல்ல அப்படியே எரியுதா?"

"அப்படியேதான். அதெல்லாம் உங்களுக்கு எதுக்கு, நான் பாத்துக்கறேன்."

"பெட்ரோல் முள்ளு எங்க நிக்குது?"

"ஃபுல்லு."

"எப்போ ஃபுல்லு போட்டீங்க?"

தங்கவேலு யோசித்தார். பத்து நாளைக்கு முன்னால் ஐந்து லிட்டர் போட்டது ஞாபகம் வந்தது. அதற்கு முன்னாலும் ஐந்து லிட்டர்தான். "போட்டிருப்பேன்," என்றார்.

"சரி, நான் வரேன்."

"நீங்க எதுக்கு? கல்யாணப் பொண்ணு மாப்பிள்ளை வீட்டுக்கு..."

போன் ஏற்கெனவே நின்றுவிட்டிருந்தது.

இருவரும் பழகி எட்டு மாதம் ஆகிறது. காலையில் மைதானத்தைச் சுற்றி நடக்கிற கூட்டத்தில் எல்லாரும் ஒரு பக்கமாகச் சுற்றினால் தங்கவேலு மட்டும் எதிர்ப்பக்கமாகச் சுற்றுவார். ஒருநாள் சரோஜம்மா நின்று கேட்டார்: "ஏன் நீங்க மட்டும் ராங் சைடு?" தங்கவேலு சொன்னார்: "அப்பத்தான் வர்றவங்க மூஞ்சி தெரியும். கூடவே சுத்தினா முதுகுதான் தெரியும்." ஒரு சுற்றுக்கு இரண்டு தடவை எதிரெதிரே சந்தித்துக்கொண்டார்கள். இரண்டு மாதம் கழித்து ஒரு திங்கட்கிழமை சரோஜம்மா திரும்பி அவர் பக்கமாகவே நடக்க ஆரம்பித்தார். தங்கவேலு மனைவியை இழந்து ஒன்பது வருஷம். சரோஜம்மா ஃபேக்டரி வேலையிலிருந்து ஓய்வு பெற்றவர்; தங்கைகளுக்குக் கல்யாணம் செய்துவைத்ததில் தன் கல்யாணத்தை மறந்தே போனவர். விநாயக்கிடம் சொன்னபோது அவன் கொஞ்ச நேரம் சுவரைப் பார்த்தான், பிறகு தேதி கேட்டான். அவரை என்னவென்று கூப்பிடுவது என்பதுதான் அவனுக்கு இருந்த ஒரே குழப்பம். பேரிலேயே அம்மா இருந்ததால் அதுவும் தீர்ந்துவிட்டது.

எட்டரைக்கு ஆட்டோ வந்து நின்றது. மாம்பழ நிறப் பட்டுப்புடவையும் தலை நிறைய மல்லிகையுமாகச் சரோஜம்மா இறங்கினார். கையில் மஞ்சள் துணிப்பை. எதிர்வீட்டு ஜன்னலும் பக்கத்து வீட்டுக் கதவும் ஒரே நேரத்தில் திறந்தன. சரோஜம்மா யாரையும் பார்க்காமல் நேராகக் காருக்குப் போனார்.

"ஸ்டார்ட் பண்ணுங்க."

தங்கவேலுவுக்கு முகம் சிறுத்துவிட்டது. இந்தக் காரின் பானெட்டை மூன்று வருஷத்தில் அவர் யாருக்கும் திறந்து காட்டியதில்லை. சரோஜம்மா ஒருநாள் உள்ளே பார்க்கிறேன் என்றபோதுகூட, "கை அழுக்காயிரும், நீங்க சீட்ல உக்காருங்க" என்றுதான் சொன்னார். ஆனாலும் சாவியைத் திருப்பினார். இரண்டு முள்ளும் சேர்ந்தாற்போல் ஏறின, சேர்ந்தாற்போல் ஓரத்தில் முட்டின. சரோஜம்மா குனிந்து பார்த்தார்.

"சூடு எவ்ளோ காட்டுது?"

"அது பொய்யி. சென்சார் போயிருச்சி."

"பெட்ரோல்?"

"அது கரெக்ட்டா கீது."

"எப்படித் தெரியும்?"

தங்கவேலு மீட்டரின் கண்ணாடியை விரலால் தட்டிப் பார்த்தார்.

"கெட்ட சேதி சொல்ற மீட்டரு பொய்யி, நல்ல சேதி சொல்ற மீட்டரு நிஜமா?" என்றார் சரோஜம்மா, சண்டைக்கு அல்ல, கடையில் தக்காளி விலை கேட்கிற குரலில். "ரெண்டும் ஒரே நேரத்துல, ஒரே மாதிரி மேல போவுது. ரெண்டு பேரு ஒரே பொய்யச் சொன்னா, சொல்லிக் குடுத்தவன் ஒருத்தன் இருப்பான். சென்சார் ரெண்டும் ஒண்ணா கெடாது. ரெண்டு மீட்டருக்கும் பொதுவா இருக்கறது எதுன்னு பாக்கணும்."

"எது?" என்றான் விநாயக்.

"ஸ்டெபிலைசர். வீட்ல ஃப்ரிட்ஜுக்கு வைக்கிறோமே, அதே வேலைதான். இந்த மாதிரிப் பழைய வண்டில மீட்டருங்க பின்னாடி தீப்பெட்டி சைஸுக்கு ஒரு டப்பா இருக்கும். பேட்டரி பன்னெண்டு வோல்ட்டு குடுத்தா, அதைக் கொறைச்சி ரெண்டு மீட்டருக்கும் அளவா அனுப்பும். அதுக்கு எர்த் கெடைக்கலன்னா கொறைக்காது. பன்னெண்டும் அப்படியே போவும். முள்ளு ஏறிரும்."

சரோஜம்மா மஞ்சள் பையிலிருந்து ஒரு டெஸ்ட் லேம்பை எடுத்தார்: சின்ன பல்பு, இரண்டு வயர், ஒன்றின் முனையில் கிளிப்பு, இன்னொன்றில் ஊசி. பவ்யா ஓடிப்போய்ப் பழைய போர்வை ஒன்றைக் கொண்டுவந்து சீட்டிலும் தரையிலும் விரித்தாள். சரோஜம்மா முந்தானையை இறுக்கிச் செருகி, வளையல்களை முழங்கைக்கு ஏற்றிவிட்டுக்கொண்டு, டேஷ்போர்டின் அடியில் தலையை நுழைத்தார். மல்லிகைச் சரம் கியர் தண்டில் மாட்டிக்கொண்டது. பவ்யா அதை எடுத்துவிட்டாள்.

"இந்தக் கிளிப்பப் புடி. பேட்டரி ப்ளஸ்ல போடு," என்றது உள்ளேயிருந்து குரல்.

தங்கவேலு சுற்றுமுற்றும் பார்த்தார். சொன்னது தன்னைத்தான் என்று புரிந்தது. எட்டு மாதமாக நீங்க, வாங்க என்று இருந்தது, வேலை என்று வந்ததும் ஒரே மூச்சில் புடி, போடு என்று ஆகிவிட்டது. அவருக்குக் கோபம் வந்திருக்க வேண்டும். ஏனோ வரவில்லை. கிளிப்பை மாட்டினார்.

ஊசி டப்பாவைத் தொட்டது. பல்பு எரியவில்லை. பக்கத்தில் ஒரு பழைய ஸ்க்ரூவின் தலையைத் தொட்டது. பளிச்சென்று எரிந்தது.

"பாத்தியா. டப்பாக்கு எர்த் இல்ல." கொஞ்ச நேரம் சுரண்டுகிற சத்தம். பிறகு, "இங்க உள்ள பெயிண்ட் அடிச்சது யாரு?"

விநாயக் வானத்தைப் பார்த்தான்.

"கல்யாணத்துக்குன்னு..." என்றார் தங்கவேலு. "போன வாரம், வண்டிய எடுக்காம நிறுத்தி வெச்சப்போ. எல்லாத்தையும் கழட்டிட்டு, பின்பக்கமும் ஒரு கோட்டு அடிச்சா நல்லா இருக்கும்னு..."

"யாரு பாக்கப் போறாங்க உள்ள?"

"நீங்கதான் பாக்கறீங்களே."

டேஷ்போர்டின் அடியில் சரோஜம்மா சிரிப்பது கேட்டது. டப்பாவை உட்கார வைக்கிற தகரத்தின் மேல் வெண்ணெய் நிறம் வழவழவென்று இரண்டு கோட்டு. அந்தப் பெயிண்டைத் தாண்டி மின்சாரம் போக வழியில்லை. பவ்யா உப்புத்தாள் எடுத்துக் கொடுத்தாள். சரோஜம்மா தகரம் வெளுக்கும் வரை தேய்த்து, ஸ்க்ரூவை இறுக்கினார். தங்கவேலு சாவியைத் திருப்பினார். சூட்டு மீட்டரின் முள் எழுந்து, கீழ்க்கோட்டுக்குப் பக்கத்திலேயே சாந்தமாக நின்றது. பெட்ரோல் முள்ளோ அசையவே யோசித்து, கடைசியில் காலிக் கோட்டுக்கு மேலே ஒரு நூல் அளவு உயர்ந்து நின்றது.

"நல்லவேளை," என்றான் விநாயக். "பாதி வழில நின்னிருப்பீங்க நைனா."

சிவப்பு விளக்கு மட்டும் இன்னும் எரிந்தது.

"அது பொய் இல்ல," என்றார் சரோஜம்மா, வெளியே வந்து உட்கார்ந்தபடி. நெற்றியில் வியர்வை, முன்கையில் ஒரு முழம் கரி. "டைனமோ சார்ஜ் பண்ணலன்னு சொல்லுது. விநாயக், இன்ஜினை நிறுத்திட்டு ஃபேன் பெல்ட்ட அழுத்திப் பாருப்பா."

விநாயக் அழுத்தினான். பெல்ட் துணி காயப்போடும் கொடியைப் போலத் தொய்ந்தது.

"டைனமோவுக்கும் பெயிண்ட்டா?" என்று சரோஜம்மா கேட்டார்.

"கறுப்பு," என்று ஒப்புக்கொண்டார் தங்கவேலு. "கழட்டி அடிச்சிட்டு மாட்டினேன். போல்ட்ட டைட் பண்ண மறந்துட்டேன்."

இந்த வேலையை அவர் தானே எடுத்துக்கொண்டார். விநாயக் உலக்கையை நெம்புகோலாக வைத்து டைனமோவை வெளிப்பக்கம் தள்ளிப் பிடிக்க, தங்கவேலு போல்ட்டை இறுக்கினார். அப்பாவும் மகனும் சேர்ந்து ஒரு வேலை செய்து ரொம்ப நாளாகியிருந்தது. "இன்னும் தள்ளு", "தள்ளிகினுதான் இருக்கேன்" என்பதைத் தவிர எதுவும் பேசிக்கொள்ளவில்லை என்றாலும் இருவருக்கும் அது பிடித்திருந்தது. இன்ஜின் ஓடியதும் விளக்கு ஒரு தடவை மினுக்கி அணைந்தது. எதிர்வீட்டு ஜன்னலில் யாரோ கை தட்டினார்கள்.

குழாயடியில் கை கழுவும்போது தங்கவேலு தாழ்ந்த குரலில் கேட்டார்: "இதெல்லாம் எப்படித் தெரியும் உங்களுக்கு?"

"ஃபேக்டரில நான் இன்னா வேலை பாத்தேன்னு நெனச்சீங்க?"

"ஆபீஸ்ல... டைப்பிங், அந்த மாதிரி."

"வயரிங் செக்‌ஷன். இருபத்தாறு வருஷம். டம்பர், டோசர்னு மண் அள்ளற பெரிய வண்டி எல்லாத்துக்கும் வயர் கட்டி, ஒவ்வொரு வயரா லேம்ப்பு வெச்சிப் பாத்து, ஓகேன்னு முத்திரை போட்டது நான்தான்."

"சொல்லவே இல்லியே."

"நீங்க கேக்கவே இல்லியே."

தங்கவேலு குழாயை மூடாமல் நின்றார். ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுக்க அவர் இந்தப் பெண்ணுக்கு ஃபியூஸ் என்றால் என்ன என்று விளக்கியிருந்தார். சிகரெட் அட்டையில் படம்கூட வரைந்து காட்டினார். அப்போது சரோஜம்மா, "அப்படியா" என்று கேட்டுக்கொண்டிருந்தது இப்போது ஞாபகம் வந்தது. காது சூடானது. எட்டு மாதத்தில் தன் சுரங்கம், தன் இன்ஜின், தன் கார் என்று அவ்வளவு பேசியிருக்கிறோம். எதிரே வருகிறவர் முகத்தைப் பார்ப்பதற்காகவே மாற்றிச் சுற்றுகிறேன் என்று பெருமை வேறு பேசினோம். ஃபேக்டரி என்று அவர் சொன்னபோது எந்த செக்‌ஷன் என்று ஒரு வார்த்தை கேட்கத் தோன்றவில்லையே என்று இருந்தது.

"தப்புதான்," என்றார்.

"தப்புதான்," என்று சரோஜம்மாவும் சொன்னார். "ஃபியூஸ் படம் மட்டும் நல்லா வரைஞ்சீங்க. வாங்க, மணி ஒம்போதரை. தங்கச்சி சகுந்தலா கோயில்ல தனியா நின்னுகினு என்னைத் திட்டிகினு இருப்பா."

ராபர்ட்சன்பேட்டை பங்க்கில் பெட்ரோல் போட்டுக்கொண்டு, கூரையைத் திறந்து விட்டபடியே போனார்கள். முன்னால் இருவர், பின் சீட்டில் பவ்யா. விநாயக் தன் காரில் பின்தொடர்ந்தான். ஊரைத் தாண்டியதும் காற்று வேகம் பிடித்தது. "மொதல் நாள் வேலைல இன்னா பண்ணீங்க?" என்று தங்கவேலு கேட்டார். சரோஜம்மா சொல்லத் தொடங்கினார். பல நிறத்தில் எண்பத்தேழு வயர் கொண்ட கட்டைப் பார்த்து முதல் நாள் அழுதது, அதே கட்டைக் கண்ணை மூடிக்கொண்டு கட்டுகிற அளவுக்கு ஆனது, ஒரு இன்ஜினியர் போட்ட படத்தில் தப்பைக் கண்டுபிடித்ததற்காக மூன்று மாதம் அவன் பேசாமல் இருந்தது. தங்கவேலு நடுநடுவே கேள்வி கேட்டார். பின்னாலிருந்து பவ்யாவும் கேட்டாள். கோயில் கோபுரம் கண்ணில் பட்டபோது கதை பாதியில் இருந்தது.

வாசலிலேயே தங்கை சகுந்தலா நின்றிருந்தார். அக்காவின் கையைப் பார்த்தார். "இது இன்னா கரி?"

"கார்ல கொஞ்சம் வேலை இருந்துச்சி."

"கல்யாணத்தன்னிக்கா?"

"அன்னிக்குத்தான்டி கெட்டுப்போச்சி."

தேங்காய் எண்ணெய் தேய்த்தும் கரி முழுக்கப் போகவில்லை. அப்படியே மாலை மாற்றிக்கொண்டார்கள். தாலி கட்டும்போது தங்கவேலுவின் விரல்கள் மூன்றாவது முடிச்சில் தடுமாறின. சரோஜம்மா தலையைக் கொஞ்சம் குனித்து வாகாகக் கொடுத்தார். விநாயக் அட்சதை போட்டான், கண்ணைத் துடைத்தான், காற்றில் தூசி என்றான்.

சாப்பாடு முடிந்து, விநாயக்கின் காரைச் சகுந்தலா வீட்டாருக்குக் கொடுத்தனுப்பிவிட்டு, நால்வரும் மொட்டைக் காரில் ஏரிக்கரை வழியாகத் திரும்பும்போது ஆவணி மழை வந்தது. சொல்லாமல் கொள்ளாமல், பெரிய பெரிய துளியாக. தங்கவேலு ஓரமாக நிறுத்தி இறங்கி, பின்னாலிருந்த கூரையை இழுத்தார். பாதிக்கு வந்து சிக்கிக்கொண்டது.

"கடைசியா எப்போ மூடினீங்க?" என்று சரோஜம்மா கேட்டார்.

"மூடினதே இல்ல. மழையில எடுக்கமாட்டேனே."

விநாயக்கும் இறங்கி இழுத்தான். கூரை முன்னாலும் போகவில்லை, பின்னாலும் போகவில்லை. பக்கத்துத் தோட்டத்தில் தக்காளிப் பெட்டிகளை மூடிக்கொண்டிருந்த விவசாயி ஒருவர் இதைப் பார்த்து, மிச்சமிருந்த நீலத் தார்ப்பாயைத் தூக்கிக்கொண்டு ஓடி வந்தார். மாலையும் பட்டுமாக நனைகிறவர்களைக் கண்டு, "பெள்ளி பண்டியா?" என்று, கல்யாண வண்டியா என்பதைத் தெலுங்கில் கேட்டார்.

"அவுனு," என்றார் சரோஜம்மா. "பெள்ளிகூத்துரு நேனே."

கல்யாணப் பெண் இவர்தான் என்று கேட்டதும் விவசாயி மாப்பிள்ளையைத் தேடினார். கண் முதலில் விநாயக் மேல் போனது. விநாயக் பதறிப்போய் அப்பாவைக் காட்டினான். தங்கவேலு அப்போது கூரைக் கம்பிக்கு அடியில் குனிந்து, வேட்டி தொப்பலாக நனைந்து, எதையோ முறுக்கிக்கொண்டிருந்தார்.

விவசாயி வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார். பிறகு அவரும் ஏறிக்கொண்டார். தார்ப்பாயை ஐந்து பேரும் தலைக்கு மேல் தூக்கிப் பிடித்துக்கொண்டு, நின்ற காருக்குள்ளேயே உட்கார்ந்தார்கள். விவசாயி தன் மடியில் கட்டியிருந்த தக்காளிகளை ஆளுக்கு ஒன்றாகக் கொடுத்தார். பவ்யா தன் ஹேண்ட்பேகில், கோயிலில் கொடுத்த கல்கண்டு இருப்பதைக் கண்டுபிடித்து அவருக்குக் கொடுத்தாள்.

"மழ நிக்க எவ்ளோ நேரம் ஆவும்?" என்று தங்கவேலு கேட்டார்.

விவசாயி தார்ப்பாயின் ஓரத்தைத் தூக்கி மேற்கே பார்த்துவிட்டு, அரை மணி என்றார். சரோஜம்மா செருப்பைக் கழற்றி வைத்துவிட்டுக் காலை மடக்கி வசதியாக உட்கார்ந்துகொண்டு, தக்காளியை ஒரு கடி கடித்தார்.